கல்லடி விறாந்தையில் ஒரு மத்தியகால ராச்சியம்: தமிழில் மேசை ஆட்டம் நடத்த வளம் தேடியது பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் இருந்துகொண்டு, தமிழில் கதைத்து, கையில் பெரிய காசில்லாமல், வாளும் மந்திரமும் பாழடைந்த கோட்டையும் வருகிற ஒரு மேசை ஆட்டத்தை மாதக்கணக்கில் நடத்த எந்த வளங்கள் உண்மையில் கைகொடுத்தன, எவை நேரத்தை மட்டும் தின்றன என்பதை இங்கே எழுதுகிறேன். இதே ஆசையோடு கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஏறாவூரிலோ யாராவது இருப்பீர்கள், உங்களுக்காகத்தான். நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வளம் நல்லதா என்று பார்ப்பதற்கு முன்னால் அதன் உரிமம் என்ன என்று பாருங்கள். மொழிபெயர்க்கவும் போட்டோ கொப்பி அடித்துக் கொடுக்கவும் அனுமதி உள்ள இருபது பக்கம், அனுமதி இல்லாத நானூறு பக்கத்தைவிட நம் மேசைக்குப் பெறுமதியானது.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார், அவரை ஜிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து “நான் அந்தக் கதவைத் திறக்கிறேன்”, “நான் காவல்காரனோடு கதைத்துப் பார்க்கிறேன்” என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் டைஸ் முடிவு சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கியது இது. வெல்வது தோற்பது கிடையாது, கதை போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் குழு ஆறு பேர். கல்லடி, நாவற்குடாப் பக்கம் நாலு பேர், காரைதீவில் இருந்து வந்து இங்கே படிக்கிற தங்கச்சி ஒருத்தி, வேலைக்காக கிழமை நாட்களில் மட்டக்களப்பில் தங்குகிற அக்கரைப்பற்று நானா ஒருவர். நான் ஜிஎம். ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகத்தைச் சலிக்காமல் வாசிக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் நாள் முழுக்க வேலையும் வகுப்பும் முடித்துவிட்டு வந்து அதையும் வாசி என்றால் யாருக்குத்தான் மனம் வரும். எல்லாரிடமும் போன் இருக்கிறது, லப்டொப் ஒன்றுதான். இணையத்தில் காசு கட்டுகிற மாதிரியான கார்ட் யாரிடமும் இல்லை. இந்த நிலைமையை வைத்துக்கொண்டுதான் தேடினோம், கீழே சொல்வதெல்லாம் இதற்குள் பொருந்தினதா இல்லையா என்கிற கணக்குத்தான்.

காசும் உரிமமும்

தேடினால் முதலில் வந்து நிற்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான். அதன் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. ஆட்டக்காரருக்கு ஒன்று, ஜிஎம்முக்கு ஒன்று, அரக்கர்களுக்கு ஒன்று என்று மூன்று புத்தகம், ஒன்றின் அட்டை விலை ஏறத்தாழ 50 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் ஒரு புத்தகம் 15,000, மூன்றும் 45,000. தபால் கூலியும் சுங்கமும் அதற்கு மேலே. ஆறு பேர் பங்கு போட்டாலும் இது ஏ.எல். படிக்கிற பிள்ளை கேட்கிற காசு இல்லை.

டெலிகிராமில் ஸ்கேன் செய்த புத்தகங்கள் கிடைக்கும், எல்லாருக்கும் தெரியும். நாங்கள் அதை எடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். எழுதி வரைந்து உழைத்தவருக்குச் சேர வேண்டியதைத் தராமல் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைமுறையானது: அப்படி எடுத்ததைத் தமிழாக்கி ஒரு பள்ளிக்கூடக் கழகத்திடமோ நூலகத்திடமோ நிமிர்ந்து நின்று கொடுக்க முடியாது, ஒளித்து வைத்துத்தான் ஆடவேண்டும்.

ஆனால் அதே ஆட்டத்தின் விதிகளுக்குள் சட்டப்படி போக ஒரு வாசல் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் இருந்து ஒரு திறந்த உரிமம் இருந்தது. அதை மாற்றுவதற்காக வெளியீட்டாளர் எழுதிய வரைவு 2023 ஜனவரியில் வெளியே கசிந்தது, உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள், கடைசியில் அந்த மாதம் 27ஆம் திகதி, எஸ்ஆர்டி 5.1 என்கிற விதித்தொகுப்பு முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிவை 4.0 உரிமத்தில் விட்டார்கள். இந்த உரிமத்தைக் கொடுத்தால் திரும்பப் பிடுங்க முடியாது. 2025இல் புதிய விதிகளுக்கான 5.2உம் அதே உரிமத்தில் வந்துவிட்டது. இரண்டும் இலவசம், பிடிஎஃப்பாக இறக்கலாம்.

உரிமத்தின் எழுத்துகளை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் “இலவசம்” என்று எழுதியிருந்தால் எல்லாம் செய்யலாம் என்று நினைத்துவிடுகிறோம். பிவை என்றால் யார் எழுதியது என்று சொல்லிவிட்டுத் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். எஸ்ஏ சேர்ந்திருந்தால் நீங்கள் ஆக்கியதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். என்சி என்றால் வியாபாரம் கூடாது. என்டி என்றால் மாற்றியதைப் பகிரக் கூடாது, மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தான், ஆகவே அது நமக்கு ஆகாது. எந்த எழுத்தும் இல்லாமல் வெறும் “இலவச பிடிஎஃப்” என்றால் வாசிக்கலாம், அவ்வளவுதான். எங்கள் தேடலில் பாதிக்கு மேல் இந்த ஒரு சல்லடையிலேயே விழுந்துவிட்டது, அதனால் நேரம் மிஞ்சியது.

சரி, எஸ்ஆர்டி 5.1 இருக்கிறதே, அதையே எடுத்தால் என்ன? எடுத்துப் பார்த்தோம். ஏறத்தாழ நானூறு பக்கம். விதி இருக்கிறது, மந்திரப் பட்டியல் இருக்கிறது, அரக்கர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் நாள் மேசையில் உட்கார்ந்து எப்படித் தொடங்குவது என்று புதியவருக்குக் கைபிடித்துச் சொல்கிற பகுதி இல்லை. போர்வீரன், மந்திரவாதி என்று போகிற பன்னிரண்டு பாத்திர வகுப்புகளுக்கும் உட்பிரிவு ஒவ்வொன்றுதான் தந்திருக்கிறார்கள், பின்னணி ஒன்றே ஒன்று. அந்த ஆட்டத்தின் பெயர்போன சில அரக்கர்களின் விபரமும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. விதி தெரிந்தவருக்கு அது நல்ல களஞ்சியம், புதிதாகத் தொடங்குகிறவரின் கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்பது என் தீர்மானம். நாங்கள் அதை அரக்கர்களுக்கும் மந்திரங்களுக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

எதை எடுத்தோம், ஏன்

மிஞ்சியவை மூன்று. பேசிக் ஃபேன்டசி என்கிற ஆட்டம் பழைய காலத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பாணியில் இருப்பது, கிறிஸ் கானர்மன் தொடங்கியது, 2023இல் வந்த நாலாம் பதிப்பு பிவை எஸ்ஏ உரிமத்தில் இருக்கிறது, ஆடுவதற்கென்று எழுதி வைத்த சாகசக் கதைகளும் இலவசமாகக் குவிந்து கிடக்கின்றன. திருத்தக்கூடிய கோப்பாகவே தருகிறார்கள், மொழிபெயர்க்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பிடிஎஃப்பில் இருந்து கொப்பி எடுத்துக் கை நொந்தவர்களுக்கு விளங்கும். அடுத்தது ஷான் டாம்கினின் அயர்ன்ஸ்வோர்ன், 2018. ஜிஎம் இல்லாமலும், ஒருவரே தனியாகவும் ஆடலாம். “அடுத்து என்ன நடக்கும்” என்று கேட்டு டைஸ் உருட்டிப் பார்க்கிற பட்டியல்கள் அதில் அருமையானவை. நான் ஆயத்தம் செய்ய நேரமில்லாத கிழமைகளில் அந்தப் பட்டியல்கள்தான் கைகொடுத்தன.

நாங்கள் எடுத்தது மூன்றாவதை. கேர்ன், யோஹாய் கால் 2020இல் வெளியிட்டது, பிவை எஸ்ஏ. முழு விதியும் இருபத்து நாலு சின்னப் பக்கம், அதிலும் பட்டியல்களைக் கழித்தால் விதி இன்னும் குறைவு. பாத்திரத்துக்குப் பலம், சுறுசுறுப்பு, மனவுறுதி என்று மூன்றே எண். பத்து இடம் கொண்ட ஒரு மூட்டை, பாரமான பொருள் இரண்டு இடம் பிடிக்கும், பத்தையும் நிரப்பினால் உங்கள் தற்காப்புப் புள்ளி, அதாவது அடி உடம்பில் படுவதற்கு முன் தாங்குகிற எண், பூச்சியம் ஆகிவிடும். இந்த ஒரு விதியே ஆட்களை யோசிக்க வைத்துவிடும்: கயிறா, விளக்கெண்ணெயா, வழியில் எடுத்த வெள்ளிச் செம்பா?

சண்டையைக் கிட்ட நின்று காட்டுகிறேன். காரைதீவுத் தங்கச்சியின் பாத்திரத்துக்குத் தற்காப்புப் புள்ளி 4, பலம் 11, கவசம் ஒன்றும் இல்லை. எதிரி ஈட்டியால் குத்துகிறான். கேர்னில் குத்து விழுமா விழாதா என்று தனியாக உருட்டுவதில்லை, விழும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஈட்டிக்கு எட்டு முக டைஸ், 7 விழுந்தது. நாலு தற்காப்பில் போனது, மிச்சம் மூன்று பலத்தில் கழிந்து பலம் 8 ஆகிறது. இப்போது இருபது முக டைஸில் 8 அல்லது அதற்குக் கீழ் விழ வேண்டும், விழாவிட்டால் நிலத்தில் சாய்ந்துவிடுவாள், யாரும் உதவாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் சாவு. மேசையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. 6 வந்தது. “அடுத்த முறை முதல்ல கதைச்சுப் பாப்பம்” என்று அவளே சொன்னாள், அதற்குப் பிறகு எங்கள் குழு கண்டபடி வாளை உருவுவதில்லை. விதி முழுக்க இந்தப் பந்திக்குள் ஏறக்குறைய வந்துவிட்டது, தமிழில் வாயால் சொல்லி விளங்கப்படுத்தக்கூடிய அளவு என்றால் இதுதான்.

தமிழாக்கத்தைப் பிரித்துச் செய்தோம், ஆங்கிலம் வாசிக்கிற இரண்டு பேர் பந்தி பந்தியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்ல, மற்றவர்கள் எழுதினார்கள். வாயால் சொன்னதைக் கேட்டு எழுதியதால் வசனங்கள் பேச்சுக்குக் கிட்ட வந்து நின்றன, இயந்திர மொழிபெயர்ப்பில் அந்தப் பதம் வரவே இல்லை. கடைசியில் 16 பக்கக் கொப்பி, ஏ4 தாள் நாலை இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் சரி. அச்சுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்துக் கொமினிகேஷன் கடைகளில் தமிழ் என்றால் இன்னமும் பாமினி என்கிற பழைய முறை எழுத்துருவே நிறைய ஓடுகிறது, யூனிகோடில் அடித்த வேர்ட் கோப்பை அங்கே திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளே பதித்துக் கொண்டு போங்கள். கறுப்பு வெள்ளையில் அடிப்பதற்கு ஏற்ற மாதிரி வடிவமைப்பதும் முக்கியம், சாம்பல் பின்னணி போட்ட பெட்டிகள் போட்டோ கொப்பியில் கரிப்பிடித்து எழுத்தை விழுங்கிவிடும்.

டைஸ்

லூடோப் பெட்டியில் ஆறு முக டைஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும், இருபது முகம் நம்மூரில் தேடிக் கிடைக்கவில்லை. போனில் இலவச ஆப் உண்டு, ஆனால் போனைக் கையில் எடுத்தவர் அப்படியே ஃபேஸ்புக்குக்குள் போய்விடுவார். நானாவின் வீட்டில் டைஸ் உருட்டுகிற ஆட்டங்களை விரும்புவதில்லை, அதை மதிக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டாம் பேச்சு இருக்கவில்லை. ஆகவே கார்ட்போட் அட்டையைச் சின்னச் சதுரங்களாக வெட்டி 1 முதல் 20 வரை எழுதி ஒரு பால்மா டின்னுக்குள் போட்டோம். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும், திரும்பப் போடாவிட்டால் கணக்குக் கெட்டுவிடும். எட்டுக்கும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் சின்ன உறைகள். மேலே சண்டையில் டைஸ் என்று சொன்னதும் இவைதான். இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை: 1979 வாக்கில் டைஸ் தட்டுப்பாடு வந்தபோது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கப் பெட்டிக்குள்ளேயே டைஸுக்குப் பதிலாக எண் போட்ட அட்டைத் துண்டுகளை வைத்துத்தான் விற்றார்கள்.

டின் குலுங்குகிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் வந்து நின்று, “என்ன மனே, காசு வெச்சா ஆடுறீங்க?” என்று கேட்டா. அவவைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருத்திவைத்தோம், சந்தேகம் தீர்ந்தது. பெற்றோர் பயப்படுகிற வீடுகளில் விளக்கம் கொடுப்பதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

வரைபடங்கள்

இதில் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் நல்லவை நிறைய, குழப்பம் குறைவு. டைசன் லோகோஸ் என்பவர் கையால் வரைந்த டன்ஜன், அதாவது நிலவறை, வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பலவற்றை வியாபாரத்துக்கும் சேர்த்து இலவசமாக விட்டிருக்கிறார், எல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு என்பதால் போட்டோ கொப்பியில் அப்படியே அச்சொட்டாக வரும். எங்கள் மேசையில் அதிகம் பாவித்த வரைபடங்கள் அவருடையவைதான். வட்டாபு என்பவர் செய்த மத்தியகால நகர உருவாக்கி ஒரு அழுத்தில் மதிலும் சந்தையும் தெருவும் உள்ள நகரத்தைத் தரும், போனிலேயே ஓடும். அஸ்காரின் வரைபட உருவாக்கி முழுக் கண்டத்தையே ஆக்கித் தரும், ஆனால் லப்டொப் வேண்டும், அதற்குள் போனால் நதியின் பெயரை மாற்றிக்கொண்டே இரவு விடிந்துவிடும், ஆட்டத்துக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டீர்கள். டோன்ஜன் என்கிற தளத்தில் அறை, புதையல், வழிப்போக்கர் என்று எதையும் குலுக்கி எடுக்கலாம், அவசரத்துக்கு உதவும், அதையே நம்பினால் எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கும்.

கோட்டை வேண்டும் என்றால் எங்களுக்கு இணையமே தேவைப்படவில்லை. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கிறது. நாலு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. சதுரமானது, சின்னது, ஒரு பின்னேரம் சுற்றி நடந்து கொப்பியில் வரைந்துகொள்ளலாம். உள்ளே ஆறு பேர் இரவில் எப்படி நுழைவது என்று அதைப் பார்த்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

உலகத்துக்குச் சரக்கு எங்கே இருந்து

எங்களுக்கு அதிகம் பயன்பட்டது இந்தப் பகுதிதான். ஃபேன்டசி என்றால் பனி விழுகிற மலை, ஓக் மரம், பியர் கடை என்று இருக்கும், ஆங்கில வளங்கள் எல்லாம் அந்த நினைப்பில் எழுதியவை. அதை அப்படியே ஆடலாம், தப்பில்லை, நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஆட்டக்காரர் ஒரு இடத்தைக் கண்ணை மூடிக் காண வேண்டும், பனியைக் கண்டிராதவர்களுக்கு அதை விபரிப்பதில் என் மூச்சுத்தான் போனது.

இணையத்தில் குட்டன்பேர்க் திட்டம் என்கிற நூலகத்தில் பதிப்புரிமை காலாவதியான புத்தகங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. அதில் ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681இல் வெளியிட்ட புத்தகம் இருக்கிறது. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரப் பக்கம் பிடிபட்டு, ஏறத்தாழ 19 ஆண்டு கண்டி ராச்சியத்துக்குள் கைதியாக இருந்தவர். பதினேழாம் நூற்றாண்டு என்பதால் கண்டிப்பாகப் பார்த்தால் மத்தியகாலம் இல்லை, துவக்கை எடுத்துவிட்டால் நம் தேவைக்கு அது போதும். ஒரு ஜிஎம்முக்கு என்ன வேண்டுமோ அதெல்லாம் அதில் இருக்கிறது: வரி எப்படி வாங்கினார்கள், தண்டனை என்ன, வழியில் யார் மறித்தார்கள். முள்வாசல் என்று ஒன்றை விபரிக்கிறார். இரும்பு ஆணி போல மூன்று நாலு அங்குல முள் உள்ள கொப்புகளை நெருக்கமாகப் பின்னி ஒரு கதவு, யானையில் ஏறிப் போகக்கூடியதாகப் பத்துப் பன்னிரண்டு அடி உயரச் சட்டத்தில் அதைத் தொங்கவிட்டு, வேண்டும்போது தூக்கிக் கயிற்றால் கட்டுவார்கள், வேண்டாதபோது விழுத்திவிடுவார்கள். அந்த வாசலைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும், அது களிமண்ணில் குத்திய முத்திரை. படைவீரனுக்குத் தோளில் ஈட்டி வைத்த ஆளின் உருவம், கூலியாளுக்குத் தோளில் சுமக்கிற காத்தடியில் இரண்டு பையைத் தொங்கவிட்ட ஆளின் உருவம், வெள்ளைக்காரனுக்கு வாளும் தொப்பியுமாக ஒரு ஆள்.

இதை வாசித்த அன்றே அழிறப்பரில் உருவம் வெட்டிக் களிமண்ணில் குத்திக் காயவைத்தேன். அடுத்த சனிக்கிழமை குழுவின் கையில் இருந்தது கூலியாளின் முத்திரை மட்டும், வாள்களோ காத்தடிப் பைக்குள் நெல்லுக்கு அடியில். காவல்காரன் முத்திரையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், “பையில என்ன?” என்று கேட்கிறான். டின்னைத் தொடாமலே ஒரு மணித்தியாலம் போனது. நானா தன் பாத்திரத்தின் குரலில், கூலி தராத முதலாளியைப் பற்றிப் புலம்பத் தொடங்கிக் காவல்காரனுக்கே மனம் இளகும்வரைக்கும் விடவில்லை. இப்படியொரு காட்சியை எந்தக் குலுக்கல் பட்டியலும் எனக்குத் தந்ததில்லை.

தமிழில் தேடுகிறவர்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் இருக்கிறது, 2005இல் தொடங்கியது, இலங்கைத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் மின்வடிவில் உள்ளன. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வித்துவான் வீ.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், இந்த இரண்டையும் தேடி வாசியுங்கள். மான்மியத்தில் அரசர் வரிசை, கோயில்கள், யாருக்கு என்ன உரிமை, எந்தக் குலத்துக்கு என்ன விருது என்று வருகிறது. வரலாற்று ஆய்வாளர் அதை எப்படி எடைபோடுவார் என்பது வேறு விடயம், ஆட்டத்துக்கு அது அள்ள அள்ளக் குறையாத சரக்கு. 1215இல் கலிங்க மாகன் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்த காலத்தை எடுத்துக்கொண்டால், சிதறி ஓடும் குடிகள், காட்டுக்குள் ஒளித்து வைத்த கோயில் பொருட்கள், புதிய தலைவனுக்குத் தலை வணங்குவதா விடுவதா என்கிற கேள்வி, எல்லாம் நூற்றாண்டுக் கணக்கோடு பொருந்தி வரும்.

குடிமுறையை, அதாவது தாய்வழிக் குல முறையை, ஆட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான் எங்கள் ராச்சியத்தை மற்ற ராச்சியங்களில் இருந்து பிரித்தது. நம் பக்கத்தில் பிள்ளை தாயின் குடி, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அது பொது, வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. ஆகவே எங்கள் ராச்சியத்தில் முடி ராசாவின் மகனுக்கு இல்லை, சகோதரியின் மகனுக்கு. ராசாவின் மகன் ஆற்றலோடும் மனக்குறையோடும் நிற்கிறான், மருமகனோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை, இரண்டு பேருக்கும் பின்னால் ஒவ்வொரு குடி. வில்லனை நான் உருவாக்கவே தேவைப்படவில்லை. காரைதீவுக்காரிக்கும் அக்கரைப்பற்றுக்காரருக்கும் விளக்கம் ஏதும் வேண்டியிருக்கவில்லை, “அப்ப அவன் மாமாட வீட்ட போய்த்தானே இருக்கணும்” என்று அவர்களே கதையை இழுத்துக்கொண்டு போனார்கள்.

கூத்தையும் சொல்ல வேண்டும். வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பாத்திரம் களரிக்குள் வரும்போது வரவுப் பாட்டோடு தான் யார் என்று ஆடிக் காட்டும். பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்புக் கூத்துகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், வாசிக்கத்தான் வேண்டும் என்றில்லை, கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது இரத்தத்தில் இருக்கிறது. கூச்சப்படுகிற ஆட்டக்காரரிடம் “உன் பாத்திரத்தை நடி” என்றால் முழிப்பார், “வரவு சொல்லு” என்றால் நாலு வரி வந்துவிடும். ஒவ்வொரு சனியும் அப்படித்தான் தொடங்குகிறோம்.

பயன்படாதவை

ஆங்கிலத்தில் பேர் பெற்ற ஆட்டக் காணொளிகள் மணிக்கணக்கில் ஓடும், தொழில்முறை நடிகர்கள் ஆடுகிறார்கள், பார்த்துவிட்டுப் புதியவர்கள் “நமக்கு இப்படியெல்லாம் வராது” என்று பின்வாங்கினார்கள். டேட்டாவும் போனது. நிறுத்திவிட்டோம். இணையத்தில் மேசையை விரிக்கிற ரோல்20, ஔல்பேர் ரோடியோ போன்றவை நல்ல கருவிகள்தான், மாரியில் வெள்ளம் வந்து நானா வர முடியாத கிழமைகளில் முயன்றோம், ஆனால் எங்களுக்கு வாட்ஸ்அப் கோலும் வரைபடத்தின் ஒரு படமுமே காணும். நூறு பக்கத்தில் கடவுள்களின் வம்சாவளி எழுதி வைத்திருக்கிற உலக விபரக் கையேடுகளை ஜிஎம் மட்டும்தான் வாசிப்பார், மேசைக்கு அதில் ஒரு துளிதான் வந்து சேரும்.

இப்போது எங்கே நிற்கிறது

கொப்பியை நானாவின் மருமக்கள் அக்கரைப்பற்றில் எடுத்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குக் கடலும் களப்பும் வேண்டும், கேர்னில் தோணிக்கு விதி இல்லை, தாங்களே எழுதினார்கள்: தோணிக்கும் ஒரு மூட்டை, அதற்கும் இடக்கணக்கு, காற்று எதிரே என்றால் சவள் வலிக்கிறவருக்குக் களைப்பு ஒரு இடம் பிடிக்கும். உரிமத்தில் எஸ்ஏ இருப்பதால் அதே உரிமத்தில் எங்களுக்கும் அனுப்பினார்கள், வாசித்துப் பார்த்தோம், நல்லாக இருக்கிறது, அடுத்த அச்சில் ஐந்தாவது தாளாகச் சேர்கிறது, கொப்பி 20 பக்கம் ஆகும்.

இன்னும் இல்லாதது தமிழில் ஒரு அரக்கர் பட்டியல். எஸ்ஆர்டி 5.1இல் இருப்பதைப் பெயர் குறிப்பிட்டு எடுத்து எங்கள் கொப்பிக்குள் சேர்க்க உரிமம் இடம் கொடுக்கிறது. எண்களைக் கேர்னுக்கு மாற்றுவதும் கஷ்டமில்லை: சாதாரண ஆளுக்குத் தற்காப்பு 3, உரமானதுக்கு 6, உண்மையில் பயப்பட வேண்டியதுக்கு 10 அல்லது அதற்கு மேல், பலம் சுறுசுறுப்பு மனவுறுதி மூன்றும் நடுத்தரம் என்றால் 10. ஊர்ப் பேய்களையும் சேர்த்து எழுத வேண்டும், கொள்ளிவாய்ப் பேய்க்கு எவ்வளவு தற்காப்பு என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் முடிவு இல்லை. யாராவது கையில் எடுத்துச் செய்கிறீர்கள் என்றால், திருத்தக்கூடிய கோப்பாக, யூனிகோடில், கறுப்பு வெள்ளைக்கு ஏற்றபடி செய்து விடுங்கள். நாங்கள் அச்சடித்துக் கொடுக்கிறோம்.